பதினேழாம் நம்பர் முத்திரையும் ஒரு மரக்கட்டையும்

போன மாதம் கிருஷாந்தி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்ற தகட்டுத் தொழிற்சாலையில் இப்போது அவள்தான் மேற்பார்வையாளர். ஸ்காபரோவில் இருக்கிற அந்த இடத்தை விட்டு ஸ்ரௌவ்வில் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போகிறார்களாம். சாப்பாட்டு அறையில் இருந்த கண்ணாடி அலுமாரியை ஒழித்தபோது அவளுடைய கையில் அகப்பட்டதுதான் படத்தில் இருந்த சாமான். உள்ளங்கை அகலத்தில் ஒரு மரக்கட்டை. சாம்பல் நிறப் பெயின்ற். நாலு மூலையிலும் நாலு ஓட்டை.

"அங்கிள், வட் இஸ் திஸ்? இது கார்பேஜா, இல்லாட்டிப் பக் பண்ணிக் கொண்டுபோறதா?"

"எறிஞ்சுபோடாதை பிள்ளை" என்று எழுதினேன்.

"வை?" என்று ஒரு சொல்லில் திரும்பிக் கேட்டாள்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் எழுத என் பெருவிரலுக்கு வலு இல்லை. ஆகவே மேசையில் இருந்து ஆறுதலாக எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றி வருகிற பல விஷயங்கள் எனக்குப் பெருமை தருவன அல்ல. வாசிப்பவர்கள் சிரிக்கலாம், நானும் பல இடங்களில் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு சோவியத் நாட்டில் இயந்திரவியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. படிப்பு, சாப்பாடு, விடுதி, ஒரு பாரமான குளிர்ச்சட்டை எல்லாம் இலவசம். நான் இஞ்சினியர் ஆனது அந்த அரசாங்கத்தின் புண்ணியத்தில்தான். அதை மறைத்துவிட்டு நக்கல் மட்டும் அடித்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். கட்சி வரலாறு என்றொரு பாடமும் இருந்தது. ரியூசன் கொட்டில்களில் பாடமாக்கிப் பழகியவனுக்கு அது எம்மாத்திரம்? வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக புள்ளி. சொந்தமாகப் புரட்சி செய்த குடும்பத்துப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

படிப்பு முடிகிற நேரம் ஊர் எரிந்துகொண்டிருந்தது. "இப்ப வராதை" என்று அப்பா எழுதினார். வோல்கா ஆற்றங்கரையில் ஒரு நகரத்தில், தகடு வெட்டுகிற பிரெஸ் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலைக்கு என்னைத் தரப் பரிசோதகனாக அனுப்பினார்கள். என்னுடைய முத்திரை நம்பர் பதினேழு. ஒரு வட்டம், வட்டத்துக்குள் 17. அந்த உருக்கு முத்திரையை இயந்திரத்தின் இடது பின்காலில் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி அடித்தால், அது பாஸ்.

எங்கள் தொழிற்சாலைக்கு மேலிடம் கொடுத்த திட்டம் தொன் கணக்கில் இருந்தது. மாதத்துக்கு எத்தனை இயந்திரம் என்று இல்லை, எத்தனை தொன் இயந்திரம் என்று. ஒருமுறை வரைபடப் பிரிவில் ஒரு பெண், கால்களை மெல்லியதாக்கினால் பலமும் குறையாது, மூன்றில் ஒரு பங்கு இரும்பும் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. இரும்பை மிச்சம் பிடித்தால் தொன் எப்படி நிரம்பும்? அதற்குப் பிறகு எங்கள் இயந்திரங்களின் கால்கள் இன்னும் ஒரு சுற்றுப் பருத்தன.

பெயின்ற் பிரிவின் திட்டமோ, பாவித்த பெயின்றின் கிலோக் கணக்கில். எனவே அவர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு தரம் பூசுவார்கள். இயந்திரம் முடிந்தால் நாங்கள் இருக்கிற வாங்கு, வாங்கு முடிந்தால் யன்னல் நிலை, சுவரில் தொங்கிய வெப்பமானி. தொழிற்சாலைப் பூனையின் வால் நான் இருந்த காலம் முழுவதும் சாம்பல் நிறம். உண்மையில் அது செம்மஞ்சள் பூனை.

மாதத்தின் முதல் பத்து நாளும் பாகங்கள் வராது. தேநீர் குடிப்போம், டொமினோ விளையாடுவோம். அடுத்த பத்து நாளில் பாதிப் பாகம் வரும். கடைசிப் பத்து நாளில் ஆளை ஆள் மிதித்துக்கொண்டு ஓடி, முழு மாதத்து வேலையையும் செய்து முடிப்போம். கடையில் சாமான் வாங்கும்போது சனம் பெட்டியைத் திருப்பி, அது செய்யப்பட்ட திகதியைப் பார்க்கும். மாதக் கடைசி என்றால் வைத்துவிட்டுப் போய்விடும்.

என் மேலதிகாரி பாவெல் மக்சீமொவிச் நல்ல மனிதர். எனக்கு முதல் குளிர்காலத்தில் தன்னுடைய கம்பளிக் காலுறையைக் கழற்றித் தந்தவர். வேலையிலும் புலி. இயந்திரத்தில் காதை வைத்தே எந்தப் போல்ற் இளகியிருக்கிறது என்று சொல்லுவார். ஆனால் ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் திகதி காலையில் அவருக்குப் பல்வலி வந்துவிடும். ஒரு பெரிய கம்பளிச் சால்வையைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, கண்களில் நீர் தளும்ப உட்கார்ந்திருப்பார். வாய் திறக்க முடியாது. எனவே ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் முதலாம் திகதி வலி முற்றாகச் சுகமாகி, உள்ளிப்பூண்டும் கறுத்தப் பாணும் கடித்துச் சாப்பிடுவார். அத்தனை வருடத்திலும் அவர் ஒருமுறையாவது பல் வைத்தியரிடம் போனதை நான் காணவில்லை. அந்த மூன்று நாளும் முத்திரை குத்துகிற பொறுப்பு வெளிநாட்டுக்காரனான எனக்கு வரும். வெளிநாட்டுக்காரன் ஒருநாள் நாட்டை விட்டுப் போய்விடுவான் அல்லவா? எவ்வளவு வசதி!

இனி அந்த மரக்கட்டையின் விஷயம். பிரெஸ் என்பது, மேலே இருக்கிற பாரமான இரும்புத் தலை இறங்கி அடித்து, கீழே வைத்த தகட்டை வெட்டுகிற இயந்திரம். தகட்டை வைப்பதும் எடுப்பதும் மனிதக் கை. அதனால் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமத்தினால்தான் தலை இறங்கும். அதை இறக்குவதும் நிறுத்துவதும் காற்று வால்வு. ஒரு வால்வு என்றாவது ஒருநாள் இறுகி ஒட்டிக்கொள்ளும், அது இயற்கை. ஆகவே இரண்டு வால்வு வைப்பார்கள். ஒன்று ஒட்டினால் மற்றது தலையை மேலேயே பிடித்து நிறுத்தும்.

என்னிடம் பதினான்கு சோதனைகள் கொண்ட ஒரு தாள் இருந்தது. பதினோராவது, ஒரு வெறும் சிகரெட் பெட்டியைத் தலைக்குக் கீழே நிமிர்த்தி வைத்து, தலை இறங்கத் தொடங்கியதும் பொத்தானிலிருந்து ஒரு கையை எடுப்பது. பெட்டி நசியாமல் தலை நிற்க வேண்டும். பன்னிரண்டாவது, ஒரு வால்வை வேண்டுமென்றே இறுக்கிவிட்டு அதையே திரும்பச் செய்வது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. பெட்டி நசியாமல் நிற்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.

ஒரு மாதத்தின் கடைசி நாள். ஒன்பது பிரெஸ்கள் வரிசையாக நின்றன. பிற்பகல் நாலு மணிக்குப் புகையிரதம். இரண்டாவது வால்வு மட்டும் வரவில்லை. அதைச் செய்கிற தொழிற்சாலை வேறொரு குடியரசில் இருந்தது. அவர்களுடைய திட்டம் எண்ணிக்கைக் கணக்கு. எண்ணிக்கையைக் கூட்டுவதற்குச் சின்ன வால்வுகளை மட்டுமே செய்து தள்ளினார்கள். எங்களுக்கு வந்த பெட்டியைத் திறந்தால் எலுமிச்சம்பழ அளவில் ஆயிரக்கணக்கான வால்வுகள். எங்களுக்குத் தேவையானது தேங்காய் அளவு.

தச்சுப் பிரிவில் மித்யா என்றொரு கிழவர் இருந்தார். தொழிற்சாலை இயக்குநர் அவரைக் கூப்பிட்டுக் காதுக்குள் ஏதோ சொன்னார். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் ஒன்பது மரக்கட்டைகள் வந்தன. வால்வு இருக்க வேண்டிய இடத்தில் கட்டையை வைத்துப் போல்ற் இறுக்கி, காற்றுக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோய் ஒற்றை வால்வோடு பூட்டினார்கள். பெயின்ற் பிரிவு பாய்ந்து வந்து இரண்டு தரம் பூசியது. பிறகு எது மரம், எது இரும்பு என்று கடவுளுக்கும் தெரியாது.

நான் பாவெல் மக்சீமொவிச்சிடம் ஓடினேன். "பன்னிரண்டாவது சோதனை செய்ய முடியாது" என்றேன். அவர் முதலில் யன்னலுக்கு வெளியே நின்ற புகையிரதப் பெட்டியைக் காட்டினார். பிறகு தன் தாடையைக் காட்டினார். பிறகு என் சட்டைப் பையில் இருந்த முத்திரையைக் காட்டினார். கண்ணில் நிஜமாகவே கண்ணீர்.

"பாகம் அடுத்த காலாண்டில் தனியாகப் போய்ச் சேரும். வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதுவோம்" என்று இயக்குநர் சொன்னார். கடிதம் எழுதுவது வேறொரு பிரிவின் வேலை. எழுதினார்களா என்று நான் கேட்கவில்லை. என் விசா அந்தத் தொழிற்சாலையின் கையில் இருந்தது. பன்னிரண்டாவது சோதனைக்கு எதிரே ஒன்பது தாளிலும் சரி அடையாளம் போட்டேன். ஒன்பது பின்காலிலும் முத்திரை அடித்தேன். அந்த நாட்டில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சின்னப் புத்தகம் உண்டு, அதைப் பாஸ்போட் என்றுதான் சொல்லுவார்கள். ஒன்பது பாஸ்போட்டிலும் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து எப்போதும் தமிழில்தான். அங்கேயும் 'சிவம்' என்று சுழித்து, கீழே ஒரு கோடு இழுத்தேன். திட்டம் நூற்றுக்கு நூற்றொன்று நிறைவேறியதாக அறிவித்தார்கள். எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கிடைத்தது. அன்றைக்கு வெட்கப்பட்டேன். இன்றைக்கும் அந்த வெட்கம் போகவில்லை.

சில காலத்தில் அந்த நாடே ஆட்டம் காணத் தொடங்க, நான் ரொறன்ரோவுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். என்னை அனுப்பிவைத்த ஏஜென்ற் ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தார்.

"தம்பி, ரஷ்யா எண்டு வாயே திறக்கப்படாது. அங்கை இத்தினை வருசம் சோக்கா இருந்தனீர்தானே, திரும்பிப் போம் எண்டு சொல்லிப்போடுவாங்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, கனடா. நடுவிலை ஒண்டுமில்லை."

நடுவில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். என் பாஸ்போட்டை அவருடைய சொற்படி வழியிலேயே கிழித்துப் போட்டாகிவிட்டது. கடையில் எழுத்தராக இருந்தவன் என்று ஒரு புது வாழ்க்கை எனக்குத் தயாரானது.

ஸ்காபரோத் தகட்டுத் தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. முதலாளி பெரென்ஸ், சின்ன வயதில் ரஷ்யப் படையின் ராங்கிகள் தன் ஊருக்குள் வந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்த ஹங்கேரிக்காரர். அங்கே வேலை செய்த தமிழர்களில் பவளம் ஒருத்தி. பிரெஸில் அவளைப் போல வேகமான கை அந்தத் தொழிற்சாலையிலேயே இல்லை. புருஷன் கொழும்பில் ஸ்பொன்சருக்குக் காத்திருந்தான். இங்கே இரண்டு பிள்ளைகள், மாமியார். எல்லாரும் அந்த இரண்டு கைகளில்தான் தங்கியிருந்தார்கள்.

ஒருநாள் காற்றுப் பம்பு நின்றுபோக, துடைப்பத்தை வைத்துவிட்டு நான் திருத்தினேன். கை சும்மா இருக்கவில்லை, என்ன செய்ய? "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பெரென்ஸ் கேட்டார். கடை எழுத்தருக்குப் பம்பு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். ஊரில் என் மாமாவுக்கு ஒரு அரிசி மில் இருந்தது, அதில் இதே மாதிரி ஒன்று உண்டு. மாமா உண்மையில் போஸ்ற் மாஸ்ரர்.

அதோடு அகப்பட்டேன். வெட்டும் இயந்திரம் நின்றால், "சிவம், உங்கள் அரிசி மில்லில் இப்படி ஒன்று இருந்ததா?" என்று கேட்பார்கள். இருந்தது என்பேன். வெல்டிங், மோட்டார், எண்ணெய்ப் பம்பு, பாரம் தூக்கி எல்லாமே மாமாவின் மில்லில் இருந்தன. ஒரு வருடத்தில் அந்த மில் உலகத்திலேயே மிகப் பெரிய அரிசி மில்லாக வளர்ந்துவிட்டது. பவளம் மட்டும் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பாரவண்டியில் ஒரு புதுப் பிரெஸ் வந்து இறங்கியது. பெரென்ஸ் எங்கேயோ ஏலத்தில் எடுத்தது. இறக்கி வைத்தபோது நிலம் வெடித்தது. "அவர்களுடைய அரசியலை நம்பமாட்டேன், ஆனால் இரும்பை நம்புவேன். எவ்வளவு இரும்பு போட்டிருக்கிறார்கள் பாருங்கள்" என்று அதன் காலைத் தட்டினார். சாம்பல் நிறம். யானைக் கால்.

கூட வந்த ரஷ்யப் புத்தகத்தை ஒவ்வொருவரிடமாகக் கொடுத்து, யாருக்காவது ஏதாவது விளங்குகிறதா என்று கேட்டார். எல்லாரும் படங்களைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். நானும் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போனதும் பின்னால் போய் இடது பின்காலைக் காசால் சுரண்டினேன். பெயின்ற் தடிப்பு உங்களுக்குத் தெரியும். சுரண்டச் சுரண்ட ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் 17.

வால்வு இருக்கவேண்டிய இடத்தில் போல்ற் தலைகளைப் பார்த்தேன். பூசிய பெயின்றில் ஒரு கீறல் இல்லை. யாரும் ஒருநாளும் அதைக் கழற்றவில்லை. வெளியே நாட்காட்டியில் அன்றைக்கு இருபத்தெட்டாம் திகதி. மாதம் முடியமுதல் ஒரு பெரிய ஓடர் போகவேண்டும், ஒரு மணிக்குப் பவளம் இதில் தொடங்குவாள் என்று பெரென்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தார். என் பல் கொதிக்கத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கடைவாயில் நிஜமான வலி. ஒரு சால்வை கிடைத்திருந்தால் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என் அகதி விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

முதலில் பழைய வழியையே பிடித்தேன். "ஐயா, எங்கள் மில்லில் இந்த இடத்தில் இன்னொரு வால்வு இருக்கும்" என்றேன்.

"அரிசி மில்லில் பிரெஸ் வால்வா?" என்று பெரென்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானே இரண்டு பொத்தானையும் அமத்திக் காட்டினார். தலை அழகாக இறங்கி, அழகாக ஏறியது. பத்துத் தரம் செய்தார். பத்துத் தரமும் பிழை இல்லை. ஒற்றை வால்வு ஒட்டுகிற நாள் வரைக்கும் அது பிழை விடாது, அதுதானே அதன் குணம்.

அவர் அந்தப் பக்கம் போக, பவளம் மேசையில் கிடந்த அந்த ரஷ்யப் புத்தகத்தை, அதாவது இயந்திரத்தின் பாஸ்போட்டை, தூசி தட்டிப் புரட்டிக்கொண்டு நின்றாள். கடைசிப் பக்கத்தில் அவளுடைய கை நின்றது.

"சிவம் அண்ணை, உதென்ன? ரஷ்யாக்காரன்ரை புத்தகத்திலை தமிழிலை கையெழுத்துக் கிடக்கு."

நான் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"உங்கடை கையெழுத்தெல்லோ உது? வேலை நேரம் எழுதுற ரைம் காட்டிலையும் உப்பிடித்தானே சுழிக்கிறனீங்கள். கோடும் இருக்கு."

இயந்திரத்துக்குப் பாஸ்போட் இருந்தது, எனக்கு இல்லை. அதுவே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"ஓம் பவளம். என்ரைதான்."

"அப்ப மாமான்ரை மில்?"

"மில் இல்லை."

"அது எனக்குத் தெரியும். உங்கடை ஊருக்கு நான் ஒரு கலியாண வீட்டுக்கு வந்தனான். ரெண்டு கோயிலும் ஒரு கள்ளுத் தவறணையும்தான் கிடந்தது. மனுசன் பாவம், என்னத்தையோ மறைக்கிறார் எண்டு பேசாமல் விட்டனான்." புத்தகத்தை மூடினாள். "மிசினிலை என்ன பிழை? காலமையிலை இருந்து பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்."

"உள்ளுக்கை ஒரு வால்வு இல்லை. மரக்கட்டை வைச்சுப் பெயின்ற் அடிச்சிருக்கு. ஒருநாளைக்குத் தலை தன்ரை பாட்டிலை இறங்கும்."

"எப்ப இறங்கும்?"

"தெரியாது. இண்டைக்கும் இறங்கலாம். பத்து வருசம் கழிச்சும் இறங்கலாம்."

பவளம் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு மெல்ல அவற்றை மேலங்கிப் பைகளுக்குள் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இது தெரிஞ்சுகொண்டோ என்னை ஒரு மணிக்கு உதிலை விடப் பாத்தனீங்கள்?"

"இல்லைப் பவளம், சொல்லத்தான்... ரஷ்யாவிலை இருந்தனான் எண்டு தெரிஞ்சால் என்ரை கேஸ் அவ்வளவுதான்."

"உங்கடை கேஸுக்கு லோயர் இருக்கிறார். என்ரை கைக்கு ஆர் அண்ணை இருக்கினம்? நீங்கள் சொல்லுறீங்களோ, நான் போய்ச் சொல்லவோ?"

நான் பெரென்ஸிடம் நடந்தேன். அந்தத் தூரம் முப்பது அடி இருக்கும். என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம் அது. வாயைத் திறந்தேன். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. இந்த விஷயத்துக்கான சொற்கள் எல்லாம் என் மண்டையில் இருந்தது ரஷ்ய மொழியில். "இரண்டாவது வால்வு இல்லை. அதற்குப் பதில் மரம் இருக்கிறது. நான்தான் பாஸ் பண்ணினேன்" என்று சுத்தமான ரஷ்ய மொழியில் சொல்லி முடித்துவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

பெரென்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். கரடுமுரடான, பள்ளிக்கூடத்து ரஷ்ய மொழியில் கேட்டார்: "எத்தனை இயந்திரத்தில்?"

"ஒன்பது" என்றேன் நானும் ரஷ்ய மொழியில்.

சுற்றி நின்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "எங்கள் பள்ளிக்கூடத்தில் அடித்துப் படிப்பித்த மொழி. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். காலையில் எல்லாரிடமும் புத்தகத்தைத் தலைகீழாகத்தான் நீட்டினேன். எல்லாரும் தலைகீழாகவே பார்த்தார்கள். நீ ஒருவன்தான் நேராகத் திருப்பிப் பிடித்தாய்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?" என்று பவளம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நானும் பேரை மாற்றிச் சொல்லி எல்லை தாண்டியவன்தான்" என்றார்.

போல்ற்றுகளைக் கழற்றினோம். பெயின்ற் அவ்வளவு தடிப்பு, உளி வைத்துத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. கட்டை வெளியே வந்தது. அதன் அடிப்பக்கத்தில் மித்யா கிழவர் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தார். தற்காலிகம். நான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்தக் கிழவர் ஒன்பதிலும் எழுதியிருப்பார் போலும். எங்கள் எல்லாருக்குள்ளும் உண்மையை எழுதி வைத்தவர் அந்தத் தச்சர் ஒருவர்தான்.

பெரென்ஸ் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து வாங்கில் இருந்துவிட்டார். "எங்கள் நாட்டுக்கும் அவர்களுடைய படை தற்காலிகமாகத்தான் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது" என்றார். அதற்குப் பிறகு ஓடர் கொடுத்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பிந்தும் என்று சொன்னார். அடுத்த முனையில் யாரோ கத்தினார்கள். அவருக்குப் பல்வலி வரவில்லை. காரணத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

புது வால்வு வந்ததும் நானே பூட்டினேன். பன்னிரண்டாவது சோதனையைப் பல வருடம் பிந்திச் செய்தேன். சிகரெட் பெட்டி இல்லை, டோனற் பெட்டி வைத்தோம். பொத்தானைத் தான்தான் அமத்துவேன் என்று பவளம் பிடிவாதம் பிடித்தாள். தலை பாதியில் நின்றது. பெட்டி நசியவில்லை. பவளம் அதற்குள் இருந்த கடைசி டோனற்றை எடுத்து எனக்குத் தந்தாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

விசாரணைக்கு லோயர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். முதலில் எழுதிக் கொடுத்தது பொய் என்று நானே சொன்னேன். நடுவில் இருந்த வருடங்களுக்கு என்ன ஆதாரம் என்று விசாரணை செய்த அம்மா கேட்டா. என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் பிரெஸின் பாஸ்போட். ஒரு மனிதன் எங்கே இருந்தான் என்பதற்கு ஒரு இயந்திரத்தின் பாஸ்போட்டைக் கொண்டுவந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த அம்மா என் கையெழுத்தையும் அதிலிருந்த கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தா. அரிசி மில் கதையைப் பெரென்ஸ் சாட்சியாக வந்து சொன்னபோது சிரிப்பை அடக்க உதட்டை மூடிக்கொண்டா. கடைசியாக ஒரே கேள்வி.

"அந்தப் பாகம் பிறகு அனுப்பினார்களா?"

"இல்லை" என்றேன்.

பொய் சொன்னதற்கு நன்றாக வாங்கிக் கட்டினேன். ஆனாலும் என்னை நம்பினார்கள். இருக்க விட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பவளம் முடிய விடவில்லை. பேசாமல் இருந்த இரண்டு கிழமையும் முடிந்து, ஒருநாள் சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

"ஒன்பதெண்டு சொன்னியள். மற்ற எட்டும் எங்கை அண்ணை?"

எனக்குத் தெரியாது. பெரென்ஸும் நானும் ரஷ்ய மொழியில் தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினோம். அப்படி ஒரு தொழிற்சாலை இல்லை என்று திரும்பி வந்தது. முகவரியில் இருந்த நாடும் அதற்குள் இல்லை. இயந்திரங்களின் தொடர் நம்பர்கள் மட்டும் எனக்கு நினைவிருந்தன. அடுத்தடுத்த ஒன்பது நம்பர், நடுவில் வந்தது எங்களுடையது. பழைய இயந்திரம் விற்கிறவர்கள் எல்லாருக்கும் எழுதினோம். மொன்றியலில் ஒருவர் மட்டும் பதில் போட்டார். ஒரு சில ஒன்ராறியோவுக்கு வந்ததாக ஞாபகம், எங்கே என்று தெரியாது என்றார்.

அன்றிலிருந்து ஏலங்களுக்குப் போகிறேன். ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிக்கிறார்கள், புளோரிடா போகிறார்கள். நான் மூடிய தொழிற்சாலைகளின் ஏலங்களுக்குப் போய், சாம்பல் நிற இயந்திரங்களின் இடது பின்காலைக் காசால் சுரண்டுகிறேன். இரண்டு இடத்தில் காவலாளி பிடித்து வெளியே விட்டான். பவளத்துக்கும் இப்போது ஓய்வு, மோர்னிங்சைட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். முடிந்த போதெல்லாம் கூட வருவாள். தேநீர்ப் போத்தல் அவளுடைய பொறுப்பு.

ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஹமில்ரனில் ஒரு சின்னத் தொழிற்சாலை, அப்போதும் ஓடிக்கொண்டிருந்த பிரெஸ். வட்டம், அதற்குள் 17. அங்கே இருந்த மேற்பார்வையாளரிடம் சொல்லிக் கழற்ற வைத்தேன். உள்ளே மித்யாவின் கட்டை இல்லை. புத்தம் புதிய மரக்கட்டை இருந்தது. மேப்பிள் மரம், மூலைகள் நேர்த்தியாக இழைத்து மெருகு போட்டது. "பழையது உளுத்துப் போச்சு, அதுதான் அதே அளவில் புதுசாகச் செய்து போட்டோம்" என்று அந்த மனிதர் பெருமையோடு சொன்னார். நான் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன், ஒரு சொல்லும் இல்லை. பவளம்தான் அவருக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அன்றைக்கே அந்த இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

ஆகவே கிருஷாந்தி, அந்தக் கட்டையை எறிய வேண்டாம். ஸ்ரௌவ்வில்லுக்குக் கொண்டுபோய் சாப்பாட்டு அறையில் வையுங்கோ. அடிப்பக்கத்தில் எழுதியிருப்பது மேலே தெரியட்டும்.

போன சனிக்கிழமை ஒஷாவாவில் ஒரு ஏலம். சாம்பல் நிறப் பிரெஸ் ஒன்று நின்றது. எனக்கு இப்போது குனிய முடியாது. பவளம்தான் முழங்காலில் இருந்து, காசை எடுத்துச் சுரண்டினாள். வெறும் இரும்பு. ஒன்றும் இல்லை.

"இது இல்லை அண்ணை" என்று எழும்பிக் கையைத் தட்டினாள். "அப்ப இன்னும் ஏழு."

ஏழு என்று விரல்களைப் பிடித்துக் காட்டினாள். வலது கையில் ஐந்து, இடது கையில் இரண்டு. மற்ற மூன்றையும் மடக்கி வைத்திருந்தாள். நான் வழக்கம்போல அவற்றையும் சேர்த்து எண்ணினேன். பத்தும் இருந்தன.